மாண்பமை கோர்ட்டாருக்கு உப்பளத்திலிருந்து ஒரு பிராது

அனுப்புநர்: உப்பளக் கூலி ஒருவன், மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்: மாண்பமை கோர்ட்டார் அவர்கள். முன்சீப் கோர்ட்டு முதல் உச்ச நீதிமன்றம் வரை, யார் மேசைக்கு முதலில் போய்ச் சேருகிறதோ அவர்கள்.

பொருள்: எங்கள் பெயரைத் தண்டோரா போடுவதை நிறுத்தக் கோருவது சம்பந்தமாக.

ஐயா, அம்மா,

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கோர்ட் அவமதிப்பு அல்ல. ஒருவரை அவமதிக்க வேண்டுமானால் அவர் பேசுவது முதலில் நமக்குப் புரிய வேண்டும். அந்தப் பாக்கியம் எங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் தமிழும் இருக்கட்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவில் அதற்கு வழியும் இருக்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடிப் பேசி, வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே அப்பீலில் ஜெயித்தோமா தோற்றோமா என்பதை வக்கீல் ஐயாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஃபீஸ் பாக்கி இருந்தால் அந்த முகத்திலும் ஒன்றும் தெரியாது.

தாங்கள் எங்களிடம் பேசுவதுதான் எங்களுக்குப் புரிவதில்லை. எங்களைப் பற்றித் தாங்கள் ஊருக்குச் சொல்வது ஊருக்கு நன்றாகவே புரிகிறது. பிராது அதைப் பற்றித்தான்.

டவாலி வராந்தாவில் நின்று எங்கள் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். தொண்டை அவருடையது, உத்தரவு தங்களுடையது. ஜீவனாம்சம் கேட்டு வந்தவள், செக் திரும்பியவன், அண்ணன்மேல் கேஸ் போட்ட தம்பி, யார் யார் என்பது டீக்கடைக்கு டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். ஆனாலும் அது அந்த வராந்தாவோடு போயிற்று. சாயங்காலம் பஸ் ஏறினால் அவரவருக்கு அவரவர் கவலை.

அமீனா விஷயம் வேறு. சம்மனை வாங்க ஆள் இல்லாவிட்டால், வீட்டில் பளிச்சென்று கண்ணில் படும் இடமாகப் பார்த்து ஒட்டிவிட்டுப் போகலாம் என்கிறது சட்டம். ஜப்தி என்றால் இன்னும் விசேஷம். 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம், 21-ஆம் கட்டளை, 54-ஆம் விதி: சொத்து இருக்கும் இடத்திலேயே தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். உப்பளத்துக்குப் போனவன் வீட்டில் பகலில் ஆள் இருக்காது, சத்தம் போட்டால்தான் சேதி சேரும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இந்தத் தண்டோராவே கூடாது என்றது. அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அறிவிப்பு செய்ய வேண்டுமானால் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் செய்யுங்கள், தமுக்கைத் தோளில் மாட்டி ஒரு மனிதரைத் தெருத்தெருவாக அலையவிட வேண்டாம். மிகவும் நியாயம். அடித்தவர் மானம் தப்பியது. அந்தத் தமுக்கில் யார் பெயர் அடிபட்டதோ, அவர் மானத்துக்காக யாரும் ஒரு சுற்றறிக்கைகூட விடவில்லை.

விட்டும் பயனில்லை. அதற்குள் அதைவிடப் பெரிய தமுக்கு வந்துவிட்டது. கோர்ட்டுகளைக் கணினியில் ஏற்றும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ஒப்புதல் தந்த தொகை 7,210 கோடி ரூபாய். மனதாரப் பாராட்டுகிறேன். அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்கக் குமாஸ்தாவுக்கு டீயும் வடையும் வாங்கித் தந்த காலம் மலையேறிவிட்டது. பேரன் போனில் இ-கோர்ட்ஸ் தளத்தைத் தட்டிச் சொல்லிவிடுகிறான். அதே தளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டும் தேடலாம். பேரன் தேடினால் பெண் பார்க்க வருகிறவனும் தேடுவான். வீடு வாடகைக்கு விடுகிறவன் தேடுவான், ஃபைனான்ஸ்காரன் தேடுவான். கேஸ் எதைப் பற்றியது, யார் பக்கம் தீர்ந்தது என்றெல்லாம் ஒருவரும் படிப்பதில்லை. பெயர் வந்ததா? வந்தது. அவ்வளவுதான். டவாலியாவது மூன்று தடவையோடு நிறுத்தினார்.

ஒரு நன்றியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வழக்குத் தாளில் கட்சிக்காரரின் சாதியையும் மதத்தையும் எழுதக் கூடாது என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லாக் கோர்ட்டுகளுக்கும் உத்தரவு போட்டது. குடியரசு ஆகி 74 வருஷத்துக்குள் இதைச் செய்துவிட்டீர்கள்.

இனி வேறொருவர் கதை. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பாலியல் வழக்கு ஒன்றில் கீழ்க்கோர்ட்டு அவரைத் தண்டித்தது. 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. விடுதலையானவர் வெளியே வந்தார். தீர்ப்பும் அவரோடு வெளியே வந்து இணையத்தில் உட்கார்ந்துகொண்டது. பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த வழக்கு. கோர்ட்டே, நீ விட்டுவிட்டாய், இணையம் விட மாட்டேன் என்கிறது, பெயரை மட்டும் மறைத்துக் கொடு என்று கேட்டு வந்தார். 2021 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரட்டும், அதுவரை பொறுக்க வேண்டும் என்று மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறையுங்கள், தீர்ப்புகளை வெளியிடும் இந்தியன் கானூன் இணையதளமும் அந்தத் தீர்ப்பை எடுக்கட்டும் என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இப்போது சட்டக் கல்லூரிகளிலும் சட்ட இதழ்களிலும் இந்த விவகாரத்தைப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதைக் குறிப்பிடுவது அவர் பெயரை வைத்துத்தான். மறைக்கச் சொல்லி வந்த பெயருக்கு இதைவிட மரியாதை யார் செய்ய முடியும்?

நடுவில் 2023-இல் அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. எங்கள் விவரங்களை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கடமைகள் விதித்தது. 17-ஆம் பிரிவில், நீதி வழங்கும் வேலைக்காகக் கோர்ட்டு கையாளும் விவரங்களுக்கு அந்தக் கடமைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து விலக்கும் தந்தது. சட்டம் வரும்வரை பொறு என்றீர்கள். பொறுத்தோம். வந்த சட்டம் தங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

தீர்ப்புகளையே பூட்டி வைக்கச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். தீர்ப்பு ஊருக்குத் தெரியத்தான் வேண்டும். 2023 மே மாதம் இங்கே எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று நம்பி மெத்தனாலைக் குடித்து ஆட்கள் செத்தார்கள். அந்த மெத்தனால் எந்த டேங்கிலிருந்து, யார் கைமாறி வந்தது என்பது நாட்டில் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும், பெயர் விலாசத்தோடு. நான் கேட்பது விடுதலையானவனுக்கு, புகார் கொடுத்தவளுக்கு, சாட்சி சொல்ல வந்தவனுக்கு, புருஷன் பெண்டாட்டி வழக்குக்கு. நாங்கள் வாரிக் குவித்த உப்பை மழைக்கு முன்னால் பனை ஓலை போட்டு மூடுகிறோம். அடியில் என்ன இருக்கிறது என்று தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். இருந்தும் மூடுகிறோம், கரைந்துவிடக் கூடாதே என்று.

சட்டச் சீர்திருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1-ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. காலனி ஆட்சியின் அடையாளத்தை ஒழித்தோம் என்றார்கள். ஒழிந்ததில் முக்கியமானது 420. ஏமாற்றுக்கு இப்போது 318. ஒருவனைப் பார்த்து ‘நீ சரியான 318’ என்று திட்டிப் பார்த்தேன். அவனுக்குக் கோபமே வரவில்லை, பஸ் நம்பரா என்று கேட்டான்.

எண் மாறியதில் இன்னொன்றும் நடந்தது. அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. துணிந்து புகார் கொடுத்தாள். அவள் கொடுத்த விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே வந்து கைபேசி கைபேசியாகச் சுற்றியது. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும், ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளை ஏற்றக் கூடாது என்று 2016-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது சிறைக்குரிய குற்றம் என்று பழைய சட்டமும் சொன்னது, புதிய சட்டமும் சொல்கிறது. பிறகு எப்படி? பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு மாறியதில் தொழில்நுட்பச் சிக்கல் என்று தேசிய தகவல் மையத்தின் விளக்கம் வந்தது. உயர் நீதிமன்றம் டிசம்பர் 28-ஆம் தேதி மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அதில் தங்களுக்கு ஒரு கும்பிடு. கசிந்த தாள் இன்னும் எத்தனை போனில் கிடக்கிறதோ, அதற்கு எந்தக் குழு?

மறைக்கத் தெரியாதவர்களா தாங்கள்? எங்கள் விழுப்புரம் கோர்ட்டிலேயே பார்த்தோமே. ஒரு பெண் போலீஸ் அதிகாரி, தன் மேலதிகாரியான சிறப்பு டிஜிபி மீது பாலியல் புகார் கொடுத்தார். புகார் கொடுத்தவர் பெயரைப் பத்திரிகைகள் எழுதக் கூடாது என்று 2021-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஜூனில் குற்றவாளிக்கு மூன்றாண்டு சிறை விதித்தார்கள். வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது, நாடே பேசியது. பெயரை மறைத்ததால் நீதி ஒன்றும் ஊமையாகிவிடவில்லை. தோளில் நட்சத்திரம் இருந்தால்தான் இந்த வசதி என்று எங்கேயும் எழுதியிருக்கிறதா?

தங்கள் விஷயத்திலும் அப்படித்தான். நீதிபதிகள் சொத்துக் கணக்கைத் தாக்கல் செய்தார்களா என்ற விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார் ஒருவர். கொடு என்றது 2009-இல் தகவல் ஆணையம். டெல்லி உயர் நீதிமன்றமும் அதன் பக்கமே நின்றது. உச்ச நீதிமன்றத்தின் தகவல் அதிகாரி உச்ச நீதிமன்றத்துக்கே அப்பீல் போனார். தன் கேஸைத் தானே போட்டு, தன்னிடமே வாய்தா வாங்கி, 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி அலுவலகம் சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனால் நீதிபதிகளுக்கும் அந்தரங்கம் உண்டு, இரண்டையும் சீர்தூக்கித்தான் பார்க்க வேண்டும் என்று. அருமையான தராசு. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்களே, அந்த வழக்கைப் போட்ட புட்டசாமியும் ஓய்வுபெற்ற நீதிபதிதான். உரிமையைக் கண்டுபிடித்தவர்களும் தாங்கள், முதலில் பயன்படுத்திப் பார்த்தவர்களும் தாங்கள். மீதி இருந்தால் இந்தப் பக்கமும் கொஞ்சம்.

தங்களுக்குப் போட்டியாக ஒரு கோர்ட்டு நடப்பது தெரிந்திருக்கும். போலீஸ், கோர்ட்டு என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட். உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு தயாரித்து ஹரியானாவில் ஒரு முதிய தம்பதியிடம் ஒரு கோடிக்கு மேல் பறித்தார்கள். 2025 அக்டோபரில் தாங்களே முன்வந்து விசாரணைக்கு எடுத்தீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சம்மனை மின்வழியில் அனுப்பலாம் என்கிறது. போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போனில் டிங் என்று சத்தம் வந்தால் எது தங்களுடையது, எது அவர்களுடையது என்று உப்பளத்தில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். உடனே விசாரித்தால் போலி. வாய்தா கொடுத்தால் ஒரிஜினல். ‘யாரிடமும் சொல்லாதே, கதவைச் சாத்திக்கொள்’ என்று நம் அந்தரங்கத்தில் அக்கறை காட்டினால் நிச்சயம் போலி. தமிழில் விசாரிக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு 348-ஆம் பிரிவும் குறுக்கே நிற்காது. கமிஷன் கமிஷனாக உட்கார்ந்து எழுதிய சீர்திருத்தங்களைத் திருடர்கள் ஒரே போனில் அமல்படுத்திவிட்டார்கள்.

ஆகவே சமூகம் தயவுசெய்து, பெயர் போட்டுத் தேடும் பெட்டியைக் கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் மட்டும் திறக்கும்படியும், விடுதலையானவர்களின் தீர்ப்பில் பெயர் இருந்த இடத்தில் இரண்டு எழுத்து போடும்படியும், தீர்ப்பின் சாரத்தை ஒரு பக்கத்துக்குள் தமிழில் எங்கள் கையில் தரும்படியும் உத்தரவிட வேண்டுகிறேன். 21-ஆம் கட்டளையில் அந்தத் தமுக்கையும் இறக்கி வையுங்கள்.

இந்த மனுவுக்கு வாய்தா போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மே மாதம் மட்டும் வேண்டாம். வெயில் தாங்காது என்று தங்களுக்கு அப்போது விடுமுறை, அதே வெயிலை நம்பித்தான் எங்களுக்கு உப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏதாவது ஒரு தேதி போடுங்கள். மழையில் பாத்தியெல்லாம் முழுகிக் கிடக்கும், வேலை இருக்காது. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தில் பஸ் செலவுக்கு ஒதுக்கி வைக்கிறேன். கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன். மனுவில் குறை கண்டு திருப்புவதானால் என்ன குறை என்பதைத் தமிழில் எழுதி, உறையை ஒட்டி, தபாலில் அனுப்பவும். கதவில் ஒட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கூப்பிட்டால் ஆஜராகக் காத்திருக்கும்
மனுதாரன்