கட்-ஆஃப் 196.5

ஆகஸ்ட் கடைசியில் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி வாசலில் நின்றால் அவனைப் பார்த்துவிடலாம். சட்டையை இன் பண்ணி, பெல்ட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, புது பேக்கின் இரண்டு வாரையும் ஒழுங்காக மாட்டியிருப்பான். பெயரைக் கேளுங்கள். ‘196.5’ என்பான். பெயர் அதற்குப் பிறகுதான் வரும்.

கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்கு எவ்வளவு என்கிற கட்-ஆஃப் கணக்கு அது. கணிதத்தில் சென்டம். ஊர் முக்கில் அவன் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் கடைக்காரருக்குத்தான் அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. கோவைக்கு வந்து வகுப்பில் உட்கார்ந்தால் இடப்பக்கம் 197, வலப்பக்கம் 196, பின் பெஞ்சில் தூங்குகிறவன் 198.5. தரவரிசைப்படி கலந்தாய்வு நடத்தி ஒரே பிரிவில் இடம் கொடுத்தால் பக்கத்தில் வேறு யார் வந்து உட்காருவார்கள்? இது அவனுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. புக் பேக்கில் அந்தக் கேள்வி இல்லை.

இரண்டு வருடம் நாமக்கல் பக்கம் ரெசிடென்ஷியல் பள்ளியில் இருந்தவன். ‘பிராய்லர் பள்ளி’ என்பது ஊர் வைத்த பெயர். கோழிக்கும் முட்டைக்கும் பேர்போன மாவட்டமாகவும் அது அமைந்துவிட்டதால் ஒட்டிக்கொண்டது. நாலரைக்கு விசில். குளியலுக்கு விசில், சாப்பாட்டுக்கு விசில், ஞாயிற்றுக்கிழமைகூடப் பரீட்சை. அப்படிப்பட்டவனை மெத்தை, பக்கெட், அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி சகிதம் விடுதியில் இறக்கிவிட்டு அப்பா பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் நாலரைக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்தான். விசில் வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து அறைத்தோழன், “என்னடா, பேய் கீய் பார்த்தியா?” என்றான்.

முதல் வகுப்பில் பேராசிரியர் நுழைந்ததும் எழுந்து நின்று ‘குட்மார்னிங் சார்’ என்று ராகம் இழுத்தான். ராகம் அவனோடு தொடங்கி அவனோடு முடிந்தது. நடுவில் பாத்ரூம் போக அனுமதி கேட்டான். “போப்பா, எங்கிட்ட எதுக்குச் சொல்றே?” என்றார் அவர். அந்தப் பதிலைத் தாங்க முடியாமல் போகாமலே உட்கார்ந்துவிட்டான். பாடத்திட்டத்தின் அடியில் போட்டிருந்த புத்தகங்களை எல்லாம், ரெஃபரன்ஸ் உட்பட, முதல் வாரமே வாங்கினான். கல்லூரியின் அறிவு முழுவதும் வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

தலைமுடி கொஞ்சம் வளர்ந்திருந்தால் சீனியர்; கண்டதும் “வணக்கம்ணா!” அப்படி அவன் பயபக்தியோடு வழி கேட்ட அண்ணா ஒருவர், டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாமாண்டில் அன்று காலைதான் சேர்ந்திருந்தார். இருவரும் அரைமணி நேரம் கெமிஸ்ட்ரி லேபைத் தேடிக் கடைசியில் மெஸ்ஸைக் கண்டுபிடித்தார்கள்.

நிஜமான சீனியர் ஒருவரும் கிடைத்தார். “உனக்குங்கிறதால தர்றேன்” என்று தன் பழைய டிராஃப்டரை அவன் தலையில் கட்டினார். அதையும் ஷீட் சுருட்டும் நீளக் குழாயையும் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினால், “ஏந்தம்பி, மீன் புடிக்கவா போறீங்க?” என்கிறார் கண்டக்டர். டிராயிங் ஹாலில்தான் குட்டு வெளிப்பட்டது. திருகு நிற்கவில்லை, கிடைக்கோடு போட்டால் மருதமலை ஏறுகிறது. அறுகோணப் பட்டகம் ஒன்று ஒரு விளிம்பு தரையில் பட சாய்ந்து நிற்கிறதாம். அதை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்து வரையவேண்டுமாம். எதையும் மனப்பாடம் செய்தே ஜெயித்தவனுக்கு இல்லாத பட்டகத்தை எங்கே நின்று பார்ப்பது? இந்த இடத்தில் மட்டும் நான் அவன் கட்சி. அவனை யாரும் எதையும் பார்க்கச் சொன்னதில்லை. பத்து தடவை எழுதத்தான் சொன்னார்கள்.

ஒர்க்‌ஷாப் இன்னும் மோசம். காக்கியை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் அரத்தால் ராவி, ‘வி’ ஃபிட்டிங் செய்து கொண்டுபோனான். இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளியில் இன்ஸ்ட்ரக்டரின் முகம் மீசையோடு தெரிந்தது.

ஃபோனில் அம்மா, “சாப்பிட்டியா?” அப்பா, “மார்க் எப்ப வரும்?” மாமா, “அப்ப கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவே இல்லையா?”

நாலாவது வாரம் அக்கா கல்யாணம் வந்தது. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, கோடு போட்ட தாளில் விடுப்பு விண்ணப்பம் எழுதி, அப்பாவின் கையெழுத்தோடு கொண்டுபோய் நீட்டினான். பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லீவெல்லாம் நான் தர்றதில்லப்பா. பாடத்துக்குப் பாடம் 75 பர்சன்ட் இருக்கணும். மத்தது உன் பாடு.”

அன்று இரவு அவன் தூங்கவில்லை. ஒரு பாடத்துக்கு 45 வகுப்பு. 11-ஐ விட்டால் 75.56; தப்பிக்கலாம். 12-ஐ விட்டால் 73.33, மாட்டிக்கொள்வோம். ஆறு பாடம், லேப் தனி, திங்கள்கிழமையில் விழும் அரசு விடுமுறைகள் தனி. விடிவதற்குள் செமஸ்டர் முழுவதுக்கும் அட்டவணை தயார். கணித சென்டத்துக்குக் கல்லூரியில் வந்த முதல் வேலை அது.

அக்கா கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே போய், இரண்டு நாள் பிந்தி வந்தான். அதற்குள் விஷயம் விடுதியில் பரவிவிட்டது. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் அறை வாசலில் செருப்புகள் குவிகின்றன. ஆலோசனைக் கட்டணம் ஒரு செட் பரோட்டா; மெடிக்கல் சர்டிஃபிகேட் சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் ஆம்லெட் சேர்த்து. சட்டை வெளியே தொங்குகிறது, பெல்ட்டைக் காணோம்.

நேற்று டிராஃப்டர் அண்ணா வந்தார். “ஒரு பேப்பர்ல 62 காட்டுதுடா, பார்த்துச் சொல்லேன்.”

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். “65-க்குக் கீழ போனா மெடிக்கலும் உதவாதுண்ணா. இனிமே ஒரு ஹவர் விடாம உட்காரணும். எந்தெந்த ஹவர்னு டேபிள் போட்டுத் தர்றேன். டிராஃப்டருக்கு வாங்கின காசை எடுத்து வைங்க.”