லேப்டாப் எழாமை: நோய்க்குறியும் சிகிச்சைச் சம்பிரதாயங்களும்

லேப்டாப் ஆன் ஆகாத வீட்டில் நடக்கும் காரியங்களுக்கு ஒரு மாறாத வரிசை உண்டு. முதலில் பவர் பட்டன் சாதாரணமாக அழுத்தப்படும். அடுத்து அதே பட்டன் கோபத்தோடு அழுத்தப்படும். சார்ஜர் பிடுங்கிச் செருகப்படும். கடைசியாக யார் தொட்டது என்ற விசாரணை தொடங்கும். ‘நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே இருந்துச்சு’ என்ற வாக்குமூலம் பதிவாகும். பையன் கேம் விளையாடியதுதான் காரணம் என்ற தீர்ப்பும் சாட்சி விசாரணைக்கு முன்பே வந்துவிடும். பல்லி விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கமே ஒதுக்கிய சமூகம், லேப்டாப் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு நூல் செய்யவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுப்போம். ‘ஆன் ஆகல’ என்று ஒரே மூச்சில் சொல்லப்படுவது உண்மையில் நான்கு வெவ்வேறு நோய். விளக்கும் எரியாமல் ஃபேனும் சுற்றாமல் கிடப்பது முதலாவது. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது என்றால் இரண்டாவது. கடைவழக்கில் இதற்கு ‘டிஸ்ப்ளே வரல’ என்று பெயர். கம்பெனி லோகோ வரை வந்து அங்கேயே நின்றுவிடுவது மூன்றாவது. விண்டோஸ் பாதி எழுந்து, நீலத் திரை காட்டி, தானே அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி நீலம் காட்டுவது நான்காவது.

இதனாற் சொல்லியது யாதெனின், முதல் இரண்டு நோய்க்கும் விண்டோஸுக்கும் பெரும்பாலும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதாம். பல சமயம் இயந்திரம் இன்னும் டிஸ்க்கை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அதற்குள் ‘ஃபார்மட் அடிச்சிடலாம் சார்’ என்பவர், வாசல் கதவு திறக்காததற்குச் சமையலறையை இடிக்கச் சொல்கிறார்.

நோயறியச் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வே போதும்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். கடைசி இரண்டும் லேப்டாப்புக்குப் பொருந்தா என்று அவசரப்பட வேண்டாம். கீபோர்டில் காபி குடித்த லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்த மெக்கானிக்குகள் அவற்றையும் பட்டியலில் வைத்திருக்கவே சொல்வார்கள்.

விழி என்பது விளக்கு. சார்ஜ் விளக்கே எரியவில்லை என்றால் சந்தேகம் முதலில் சுவர் பிளக் மீதும் அடாப்டர் மீதும் விழ வேண்டும். பெரும்பாலான பழைய அடாப்டர்கள் 19 அல்லது 19.5 வோல்ட் தர வேண்டியவை; மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல் மதர்போர்டுக்கு இரங்கற்பா பாடியவர்கள் பலர். விளக்கு எரிந்தும் திரை வராவிட்டால், சிமிட்டலை எண்ண வேண்டும். எச்பி லேப்டாப்கள் பலவற்றில் கேப்ஸ் லாக் விளக்கு கணக்காகச் சிமிட்டும். டெல்லில் பேட்டரி விளக்கு ஆரஞ்சிலும் வெள்ளையிலும் மாறிமாறிச் சிமிட்டும். எத்தனை முறை என்பதைக் குறித்துக்கொண்டு அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்தால், கோளாறு ராமிலா ப்ராசசரிலா என்பது தெரிந்துவிடும். இயந்திரம் தன் நோயைத் தானே சொல்கிறது. வீட்டாரோ ‘யாருடா கேப்ஸ் லாக்கை அமுக்கினது?’ என்பதோடு இத்தேர்வை முடித்துக்கொள்கிறார்கள்.

மொழி என்பது பீப். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பீசி, சுயபரிசோதனை நல்லபடியாக முடிந்தால் ஒரே ஒரு சின்ன பீப் கொடுக்கும். அதற்குமேல் பேசினால் எங்கோ வலிக்கிறது என்று பொருள். இன்றைய லேப்டாப்கள் வாய் திறப்பது குறைவு. திறந்து விடாமல் கத்தினால் பெரும்பாலும் ராம்.

நிறத்துக்கு டார்ச் வேண்டும். அறையை இருட்டாக்கிவிட்டு, கறுத்த திரையின்மேல் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால், லேப்டாப் முழு உயிரோடு இருக்கிறது. போனது திரைக்குப் பின்னிருக்கும் பேக்லைட் மட்டும்தான். டார்ச் இல்லாதவர் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகிப் பார்க்கலாம். டிவியில் டெஸ்க்டாப் வந்துவிட்டால், இதுவரை நடந்த ஒப்பாரி எல்லாம் ஒரு மெல்லிய கேபிளுக்காக இருக்கக்கூடும். ஸ்பரிசத்தால் சூடும், நாடியால் ஃபேன் துடிப்பும் அறியப்படும். நா குறித்து ஆய்வு நடத்த யாரும் முன்வரவில்லை.

சிகிச்சைக்கு வருவோம். இத்துறையில் நான்கு சம்பிரதாயங்கள் இருக்கின்றன. நான்கும் ஒன்றையொன்று ஏற்பதில்லை.

மூத்தது மறுபிறப்புச் சம்பிரதாயம்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. இதற்கு மூவிரல் மந்திரம் தந்தவர் ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்தமுக்கினால் கணினி புதிதாகத் தொடங்கும்படி முதல் பீசியிலேயே எழுதினார். 2001இல் பீசியின் இருபதாம் ஆண்டு விழா மேடையில், தான் கண்டுபிடித்திருந்தாலும் அதைப் பிரபலமாக்கியது பில் கேட்ஸ்தான் என்று கேட்ஸை அருகில் வைத்துக்கொண்டே சொன்னார். கூட்டம் சிரித்தது.

இச்சம்பிரதாயத்தில் சாதாரணச் சடங்கும் உண்டு, பெரிய சடங்கும் உண்டு. பெரியது இது: சார்ஜரைக் கழற்று, கழற்ற முடிந்த பேட்டரியானால் அதையும் எடு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடி. மூடநம்பிக்கை போலத் தோன்றினாலும் காரணம் திடமானது. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் உள்ளே ஒரு சிறிய கன்ட்ரோலர் சிப் விழித்திருக்கிறது. பவர் பட்டன், பேட்டரி, ஃபேன் எல்லாம் அதன் பொறுப்பு. அதுவே ஹேங் ஆகிவிட்டால் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் கேட்க ஆளில்லை. கப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துபோனால், அந்தச் சிப் மறுபடி கண்விழிக்கும். முதல் நோய்க்காரர்களில் கணிசமானோர் இதிலேயே பிழைத்திருக்கிறார்கள்.

மறுபிறப்புவாதிகளின் மாபெரும் வெற்றிநாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. அத்தனைக்கும் நான்காம் நோய்: எழுவது, நீலம், விழுவது, மறுபடி எழுவது. விமானங்கள் நின்றன, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் மேகக் கணினிகளுக்குச் சொன்ன வைத்தியங்களில் ஒன்று ரீஸ்டார்ட். சிலருக்கு 15 முறை வரை தேவைப்பட்டதாகத் தகவல் என்றும் சேர்த்துச் சொன்னது. ஒவ்வொரு முறை எழும்போதும், திருத்திய கோப்பு நெட்வொர்க் வழியே முதலில் வந்து சேருமா, பழைய கோப்பு முதலில் காலை வாருமா என்று ஒரு பந்தயம். பதினைந்தில் ஒருமுறை நல்லவன் ஜெயிக்கலாம். ஜெயிக்காத இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் சேஃப் மோடில் திறந்து, ‘சி-00000291’ என்று தொடங்கும் கோப்பைக் கையால் அழித்தார்கள்.

இரண்டாவது அழிரப்பர் சம்பிரதாயம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மட்டுமல்ல, சர்வீஸ் கடை இருக்கும் எந்த ஊரிலும் இதன் மடம் உண்டு. அடிமூடியைத் திறந்து, ராமை இருபக்கக் கொக்கியும் விலக்கி எடுத்து, அதன் பொன்முலாம் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெல்லத் துடைத்து, தூசியை ஊதி, ‘க்ளிக்’ என்று திரும்பச் செருகுவது. பற்களில் படியும் அழுக்கால் மின்தொடர்பு விட்டுவிட்டு வருவதே நோய் என்பதால், இந்த ஐந்து ரூபாய் மருந்துக்கு டிஸ்ப்ளே வராத லேப்டாப்கள் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. ராமை போர்டோடு பற்றவைத்து வரும் மெல்லிய லேப்டாப்கள் பெருகப் பெருக, இம்மடத்துக்குச் சீடர்கள் குறைந்து வருகிறார்கள்.

மூன்றாவது தட்டல் சம்பிரதாயம். டிவிப் பெட்டியின் தலையில் தட்டிப் பழகிய தலைமுறை இதைப் பரம்பரைச் சொத்தாகக் கொண்டுவந்தது. சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் இது கொலைக்குச் சமம். உள்ளே தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். படிக்கும் முனை அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஒரு தட்டு, முனை தகட்டில் உரசும், கல்யாண ஆல்பம் போய்விடும். ‘டிக், டிக்’ என்று டிஸ்க் சத்தம் போட்டால் பவரை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதே சிகிச்சை.

இதன் தீவிரக் கிளைகளும் வரலாற்றில் உண்டு. செத்த ஹார்டு டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தவர்கள் இருந்தார்கள். மதர்போர்டை ஓவனில் வைத்துச் சுட்டவர்களும் இருந்தார்கள்; சுட்ட சில போர்டுகள் உண்மையிலேயே சில வாரம் ஓடின. அதற்குப் பின்னணி உண்டு. 2008 ஜூலையில், தன் சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் வழக்கத்துக்கு மேல் பழுதாவதை ஒப்புக்கொண்ட என்விடியா, வாரன்டி, பழுதுச் செலவுக்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் பொருள் பலவீனமாக இருந்ததால், சூடேறிக் குளிர்ந்து விரிசல் விட்டது. ஓவன் அந்த விரிசலைத் தற்காலிகமாக ஒட்டவைத்தது. அதே ஓவனில் மறுநாள் கேக் சுடுவது பற்றி இவ்வாய்வு கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

நான்காவதான ஃபார்மட் சம்பிரதாயத்துக்குள் நுழையுமுன் நீலத் திரையின் பாட வரலாறு பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஆசிரியர் யார் என்ற சிக்கல் இங்கேயும் உண்டு. நீலத் திரையை இயற்றியவர் மைக்ரோசாஃப்ட் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர் என்று 2014இல் ஒரு செய்தி பரவியது. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் மறுத்தார். விண்டோஸ் 3.1இல் மூவிரல் மந்திரம் போட்டால் வரும் திரையின் வாசகம்தான் பால்மருடையது; விண்டோஸ் 95இன் நீலத் திரைக்கு இறுதி வடிவம் தந்தது தானே; விண்டோஸ் என்டியின் நீலத் திரை ஜான் வெர்ட் எழுதியது என்று பிரித்துக் காட்டினார். ஒரே பெயரில் மூன்று பனுவல்! 2012இல் விண்டோஸ் 8 அதில் ஒரு சோக முகத்தைச் செருகியது. 2016இல் கியூஆர் கட்டம் இடைச்செருகலாக வந்தது. 2025இல் நீலமே நீக்கப்பட்டுக் கறுப்பாக்கப்பட்டது. மூலபாடத்துக்கு விசுவாசமானவர்கள் இன்னும் துக்கத்தில் இருக்கிறார்கள்.

அந்தத் திரையைச் செல்போனில் படமெடுப்பது அவசியம். அடியில் இருக்கும் ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. ‘மெமரி மேனேஜ்மெண்ட்’ என்றிருந்தால் முதலில் அழிரப்பர் மடத்துக்குப் போகலாம். ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்றால் விண்டோஸால் தன் டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை. லோகோவோடு நிற்கும் மூன்றாம் நோய்க்கு வேறொரு வழி: லோகோ வரும்போதே பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தால், விண்டோஸ் 10உம் 11உம் தாமாகவே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அங்கிருந்து சேஃப் மோடுக்கும் போகலாம், கடைசியாகப் போட்ட அப்டேட்டை நீக்கவும் செய்யலாம். விண்டோஸைத் தொடாத வழியும் உண்டு: தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. விண்டோஸ் படுத்தால் பாஸில் நுழைந்து கோப்புகளைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்ட பிள்ளைகள் இத்துறையின் முன்னோடிகள்.

ஃபார்மட் சம்பிரதாயம் தவறானதல்ல. மூன்றாம், நான்காம் நோயில் அது பலிக்கவும் செய்யும். அதன் குற்றம் அவசரம். ‘ஓஎஸ் போட்டுத் தரேன், சாயங்காலம் வாங்க’ என்பதற்குள் டிஸ்க்கில் இருந்த பத்தாண்டுப் படங்களும் பாதி எழுதிய ஆய்வேடும் அடங்கிவிடுகின்றன. பல லேப்டாப்களில் டிஸ்க் தனியே கழலும். அதைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு, வேறொரு கணினியில் செருகினால் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். செத்தது லேப்டாப்பாக இருக்கலாம். டிஸ்க் சாகாமலிருக்க நல்ல வாய்ப்புண்டு.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் லேப்டாப்பை வைக்கும்போது, விலை பேசும் முன், ‘அண்ணே, மொதல்ல டேட்டாவ எடுத்துக் குடுங்க, அப்புறம் ஃபார்மட் பண்ணுங்க’ என்று சொல்லிவிடுங்கள். அதோடு, புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது; அதைத் திறக்கும் மீட்பு எண் 48 இலக்கம். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அந்த எண்ணைத் தேடி ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைக்க வேண்டாம்.