நிர்வாகியை அணுகவும்

கோப்பைச் சேமிக்கப் போனால் ‘அனுமதி இல்லை, நிர்வாகியை அணுகவும்’ என்கிறது விண்டோஸ். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நிர்வாகி யார்? பத்தாம் வகுப்புப் பையன். டியூஷனுக்குப் போயிருக்கிறான்.

இதாவது முகத்துக்கு நேரே சொல்லும் பேச்சு. 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இன்னும் பணிவானது. பழைய மென்பொருள் ஏதாவது ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் எழுத வந்தால் மறுக்காது. மனுவைச் சிரித்தபடி வாங்கி மேசைக்கடியில் போடும் குமாஸ்தாவைப் போல, மறைந்துகிடக்கும் ‘ஆப்டேட்டா’வுக்குள் ‘லோக்கல்’, அதற்குள் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்று கொண்டுபோய் வைத்துவிடும். அந்த மென்பொருளுக்குக் கோப்பு தெரியும். ஃபோல்டரைத் திறந்து தேடுகிற உங்களுக்குத் தெரியாது. வேறு கணக்கில் நுழையும் வீட்டுக்காரருக்கு அந்த மென்பொருளிலும் தெரியாது. பின்னால் வந்த விண்டோஸ்களிலும் இந்த மரியாதை தொடர்கிறது.

கோப்பை வைரஸ் தின்றுவிட்டது என்று அலறும் முன் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ உள்ளே பாருங்கள். இனிமேல் ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரிலேயே சேமியுங்கள். அதற்குப் பையனின் பாஸ்வேர்டு தேவையில்லை.