'தெரியாது' கட்சி

மன்னார்குடி வாசகர்: கடவுள் இருக்கிறாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

தெரியாது.

சேலம் வாசகி: இப்படி மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்க வெட்கமாக இல்லை?

எதற்கு வெட்கம்? மதில்மேல் இருந்தால் இரண்டு வீட்டுச் சமையலறையும் தெரியும். தவிர, இது என் சொந்தச் சரக்கும் இல்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129-ஆம் சூக்தத்தைப் பாருங்கள். படைப்பு எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டே போகிறது. கடைசியில், மேலே இருந்து பார்க்கிறவனுக்காவது அது தெரியுமோ, ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று சந்தேகத்தோடு நிறுத்திவிடுகிறது. ரிஷி விட்டுவைத்ததை நான் அரைப் பக்கத்தில் முடித்துவைக்க வேண்டும் என்கிறீர்கள்.

கோவை வாசகர்: உங்கள் கட்சிக்குப் பெயர் வைத்தவர் யார்?

தாமஸ் ஹக்ஸ்லி, 1869-ல். டார்வினுக்காகப் பாதிரியார்களோடு மல்லுக்கு நின்றவர். அவர் வைத்த 'அக்னாஸ்டிக்' என்ற பெயர் ஐம்பது வருஷம் கழித்தும் லண்டனிலேயே எல்லோருக்கும் பிடிபடவில்லை. 1918-ல் போரை எதிர்த்து எழுதியதற்காக பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை பிரிக்ஸ்டன் சிறைக்கு அனுப்பினார்கள். வாசலில் வார்டர் மதம் என்ன என்று கேட்க, இவர் 'அக்னாஸ்டிக்' என்றார். எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்ட வார்டர், உலகத்தில் எத்தனையோ மதம், எல்லாம் ஒரே சாமியைத்தானே கும்பிடுகின்றன என்று பெருமூச்சு விட்டாராம். அந்தப் பேச்சே தன்னை ஒரு வாரம் உற்சாகமாக வைத்திருந்தது என்கிறார் ரஸ்ஸல்.

திருநெல்வேலி வாசகி: நீங்கள் கோயிலுக்குப் போவதுண்டா?

உண்டு. ஆனால் அபிஷேக நேரம் பார்த்துப் போவதில்லை. வெயில் சாய்ந்து விழுகிற நேரம் பார்த்துப் போவேன். அப்போதுதான் கல்லெழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும், படிக்க வரும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பற்றி ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் ஆடவும் பாடவும் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய பெண்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். அரசன் தன் பெயரை மலைபோல வெட்டிக்கொள்வதில் அதிசயமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் வீட்டு இலக்கம் இன்றைக்கு எனக்குக் கிடைப்பதுதான் அதிசயம். அவர்கள் விரும்பி வந்தார்களா, அழுதுகொண்டு வந்தார்களா என்று மட்டும் கல் சொல்லவில்லை.

தட்டுத்தடுமாறி நாலு பெயர் படித்து முடிப்பதற்குள் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. யாரைப் பார்த்து என்று கேட்காதீர்கள். உள்ளே சாமி கும்பிடுகிறவரைவிட நான் ஒரு படி மேல் என்றும் நினைக்காதீர்கள். அவர் வருவதால்தான் கோயில் பூட்டாமல் இருக்கிறது. பூட்டிக் கிடந்தால் நான் எதைப் படிப்பது?

ஈரோடு வாசகர்: நம்பாதவருக்குப் 'புனிதம்' என்ற பேச்சே எதற்கு?

நேருவைக் கேட்டிருக்க வேண்டும். 1954-ல் எழுதிய உயிலில், தனக்கு மதச் சடங்கு எதுவும் கூடாது என்றார். அதே உயிலில், அஸ்தியில் ஒரு பிடியை அலகாபாத்தில் கங்கையில் கரைக்கச் சொன்னார். இதற்கு மத அர்த்தம் கிடையாது, சிறு வயதிலிருந்து அந்த நதியோடு பந்தம், அவ்வளவுதான் என்றும் எழுதிவைத்தார். எனக்கு இது முரணாகப் படவில்லை. 1964-ல் சடங்குகளையும் நடத்தித்தான் அனுப்பினார்கள். இந்தியாவில் பிரதமரின் உயிலும் வீட்டுப் பெரியவர்களுக்குக் கீழேதான்.

கும்பகோணம் வாசகர்: பக்தி இருந்தால் அறிவு வளராது என்கிறாரே என் மகன்?

உங்கள் ஊர்க் கதையையே சொல்லி அவரை மடக்கலாம். உ.வே.சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்துச் சூழலில் தமிழ் படித்தவர், திருநீற்றுக்காரர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1880-ல், சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைக் கொடுத்தார். சமணக் காப்பியம். சோழனை அதிலிருந்து மீட்கத்தான் சேக்கிழார் பெரியபுராணமே பாடினார் என்று சைவர்கள் கதை சொல்வார்கள். ஐயர் என்ன செய்தார்? புரியாத இடங்களைக் கேட்க, ஊரிலிருந்த சமணர் வீட்டுக்கே போய் உட்கார்ந்தார். 1887-ல் நூல் அச்சில் வந்தது. பிறகு மணிமேகலை, அது பௌத்தம். சக ஆசிரியர் ரங்காசாரியார், வைணவர், இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து அவருக்கு விளக்கினார். சைவர் வைணவர் துணையோடு இங்கிலீஷ் வழியாக பௌத்தம் கற்று, 1898-ல் தமிழ்க் காப்பியத்தைப் பதிப்பித்தார். திருநீறு நெற்றியிலேயே இருந்தது, எதற்கும் குறுக்கே வரவில்லை. மகனிடம், அவர் கடைசியாக யார் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டார் என்று விசாரியுங்கள்.

காரைக்குடி வாசகி: சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்கிறார் மாமியார். கை துறுதுறுக்கிறது.

தொடாதீர்கள், பாவம் அவர். முதல் நாளே ஒரு நாவலை அடுக்கிலிருந்து உருவித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுங்கள். பூஜையில் வைக்காத புத்தகத்துக்கு விதி கிடையாது.

புதுச்சேரி வாசகர்: செத்த பிறகு கடவுள் எதிரே வந்து நின்றால்?

கணக்குப் பார்க்க அவர் வாய் திறப்பதற்கு முன் நான் கேட்டுவிடுவேன்: சிந்துவெளி முத்திரைகளில் என்னதான் எழுதியிருக்கிறது? ஐராவதம் மகாதேவன் 1977-லேயே அந்த எழுத்துகளைத் தொகுத்து அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் ஒருவரும் படித்துக் காட்டவில்லை. அதைச் சொல்லிவிட்டு எந்த வாசலுக்கு அனுப்பினாலும் சம்மதம்.