குனிவியல்: ஒரு முன்னாய்வு

சங்கு காணச் சென்ற கண்ணுக்கு முதுகே தென்படும் என்பது இவ்வாய்வின் கோள். களம், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் சானிபெல் என்னும் தடுப்புத் தீவு. கருவி, அதன் கடற்கரையை இடையறாது காட்டும் நேரலை கேமரா. ஆய்வுக்கூடம், சாய்வு நாற்காலி.

முதற்கண் தீவின் கிடப்பு. அக்கரையின் தடுப்புத் தீவுகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக நீண்டிருக்க, சானிபெல் கிழக்கு மேற்காகத் திரும்பிப் படுத்திருக்கிறது. தெற்கிலிருந்து நீரோட்டம் கொண்டுவருவதை முறம்போல் ஏந்திக்கொள்கிறது. புயலுக்கு மறுநாள், கடல் வற்றும் வேளையில் வரவு அதிகம்.

இனி கேமராவில் காண்பன: மணல், நீர், வானம், எப்போதாவது ஒரு பறவை. சங்கு? இல்லை. விரலளவுப் பொருள் அத்தனை தொலைவிலிருந்து தெரியுமா? கரையோரம் ஒரு கருங்கோடு தெரியும். அது சங்குக் குவியலாகவும் இருக்கலாம், கடற்பாசியாகவும் இருக்கலாம். ஆக, காட்சியளவை இங்கே தோற்றது. அற்றேல் ஆய்வு எவ்வாறு நிகழும் எனின், கருதலளவையால் என்க. மலையில் புகை கண்டு நெருப்பை அறிந்தார் தருக்க நூலார். நாம் முதுகு கண்டு சங்கை அறிகிறோம். இடுப்பு மடிந்து, தலை தொங்க நடக்கும் அந்நிலைக்கு அவ்வூரார் 'சானிபெல் ஸ்டூப்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

குனிந்து நடப்பவர் தேடுகிறார். குனிந்து நிற்பவர் ஐயுறுகிறார். மண்டியிட்டவருக்குக் கிடைத்துவிட்டது. எடுத்ததை உற்றுப் பார்த்து மறுபடி நீரில் வைப்பவரும் உண்டு. ஓட்டுக்குள் உயிர் இருந்திருக்கும். உயிருள்ள சங்கை எடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். அந்தச் சட்டமும் நமக்கு முதுகு வழியாகவே தெரியவருகிறது என்பது நோக்கத்தக்கது.

துள்ளல் தனி இனம். வெளிர் ஓட்டில் பழுப்புப் புள்ளிகள் கொண்ட ஜூனோனியா ஆழமான நீரில் வாழ்வதால் கரைக்கு வருவது அரிது. கண்டெடுத்தவர் படத்தை உள்ளூர்ச் செய்தித்தாள் வெளியிடும். எனினும் எல்லாத் துள்ளலும் ஜூனோனியா அன்று. நண்டு கடித்தாலும் மனிதன் துள்ளுவான்.

ஒன்றும் நடவாததைப் பார்ப்பது வீண் என்பாரும் உளர். அஃது அற்றன்று, இக்கலை பிறந்ததே அவ்வாறுதான். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தார் காபிப் பானை காலியா என்றறியவே கேமரா வைத்தார்கள். பின்னர் அது இணையத்தில் ஏறி, 2001இல் அணைக்கப்படும் வரை ஊர் உலகமெல்லாம் அந்தப் பானையைப் பார்த்தது. பானையினும் முதுகு சுவையுடைத்து.

2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் தீவுக்கான பாலச்சாலையை உடைத்தது. 1884இல் எழுந்த கலங்கரை விளக்கத்தின் கால் ஒன்றையும் பெயர்த்தது. சாலை சீரானதும் முதுகுகள் திரும்பின.

எஞ்சுவது உரையளவை. நம் சங்கில் அரிதாய் அமையும் வலம்புரிச் சுழி, அங்குள்ள லைட்னிங் வெல்க் என்னும் இனத்துக்குப் பிறவிக் குணம். அதையே இங்கே வலம்புரி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். இதை எந்த முதுகும் சொல்லாது. விலை பேசுமுன் விவரம் அறிந்தவரைக் கேட்பதே வழி.

ஆய்வைத் தொடர விரும்புவோர் கோடையில் இந்திய நேரம் மாலை ஐந்துக்கு அமர்க. அங்கே காலை ஏழரை. நம் காலையில் திறந்தால் அங்கே இரவு, இருட்டைத்தான் ஆராய வேண்டியிருக்கும்.