சாத்தனார் எடுத்த 2.0

2018 நவம்பர் 29. 'எந்திரன்' வந்து எட்டு வருஷம் கழித்து '2.0' வந்த நாள். எண்பது தாண்டிய பாட்டாவை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனது என் தப்பு. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாரை விஞ்ஞானப் படத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. கூட்டிப்போனாலும் பக்கத்தில் உட்காரக் கூடாது.

மூக்குக் கண்ணாடியின் மேல் த்ரீடி கண்ணாடி நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே படம் பார்த்தார். ஊரிலுள்ள செல்போன் எல்லாம் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு வானத்தில் பறந்ததும் என் தொடையில் தட்டினார்.

"எந்த மந்திரத்துலல பறக்கு?"

"மந்திரம் இல்ல பாட்டா. ஆரா, நெகட்டிவ் எனர்ஜி."

"அப்பம் மந்திரந்தான்."

இடைவேளையில் பஜ்ஜிக்கு வரிசையில் நின்றபோது பாடம் ஆரம்பித்தது. தமிழில் முதல் செகண்ட் பார்ட்டை எடுத்தது ஷங்கர் இல்லையாம், சீத்தலைச் சாத்தனாராம்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். சிலப்பதிகாரம் ஹிட். ஆனால் ஹீரோவை முதல் பார்ட்டிலேயே கொன்றாயிற்று. மதுரையையும் கொளுத்தியாயிற்று, செட் மிச்சமில்லை. சாத்தனார் அசரவில்லை. ஹீரோவின் மகள் மணிமேகலையைக் கதாநாயகியாக்கினார். தூங்கிக்கொண்டிருந்த அவளை ஒரு தெய்வம் அலாக்காகத் தூக்கி, முப்பது யோசனை தெற்கே மணிபல்லவத்தில் இறக்கியது. டிக்கெட் இல்லை, லக்கேஜ் இல்லை. அங்கே மூன்று மந்திரம் டவுன்லோட் ஆயிற்று: பறக்க ஒன்று, வேற்றுருவம் எடுக்க ஒன்று, பசி தாங்க ஒன்று. போதாதென்று அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. சார்ஜ் போடவே வேண்டாம்.

விடாமல் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் புருஷன் வருகிறான், தன் பெண்டாட்டியோடுதான் இளவரசன் பேசுகிறான் என்று நினைத்து ஒரே வெட்டு. இந்த டூப்ளிகேட் குழப்பத்தை வைத்து எத்தனை பேர் படம் எடுத்துவிட்டார்கள்! நம்ம ஊருக்கும் இதில் பங்குண்டு. அமுதசுரபியை முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் அம்மா காசியிலிருந்து கிளம்பியது குமரியில் நீராடத்தான்.

முதல் பார்ட் நாயகி கண்ணகிக்குக் கெஸ்ட் ரோல். வஞ்சிக் கோயிலில் சிலையாக நின்று வசனம் மட்டும் பேசுவாள். '2.0'வில் 'எந்திரன்' நாயகி சனாவுக்கும் அதே கதி. போனில் குரல் மட்டும். கிளைமாக்ஸில்தான் சாத்தனார் சறுக்கினார் என்பேன். பறக்கத் தெரிந்த பெண்ணை உட்காரவைத்து சமயவாதிகளின் பிரசங்கமும் தர்க்க வகுப்பும் கேட்க வைத்தால் விசிலடிக்க யார் இருப்பார்கள்?

"வாத்தியாம்மார் இருப்போம்," என்றார் பாட்டா.

'எந்திரன்' வசனத்தில் கை வைத்த சுஜாதா 2008-லேயே போய்விட்டார். '2.0'க்கு ஷங்கரோடு சேர்ந்து எழுதியவர் எங்கள் பார்வதிபுரத்து ஜெயமோகன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். அப்படிப்பட்டவர் பறவைகளுக்குச் செல்போன்தான் எமன் என்று படம் எழுதினால் பாட்டாவுக்குச் சிரிப்பு வராதா? "கம்பி இருந்த காலத்துல காக்கா அதுமேல உக்காந்துல்லா உறங்கிச்சு. கம்பிய அத்ததும் சண்டை வந்துட்டு, கேட்டியா."

வரிசை நகரவில்லை. அன்றைக்குக் கலைவாணர் பிறந்தநாள் வேறு; ஒழுகினசேரியில் அவர் பிறந்து 110 வருஷம். பட்டனைத் தட்டினால் தட்டில் இட்லி வந்து விழ வேண்டும் என்று அந்த மனுஷன் எப்போதோ பாடிவிட்டார். இங்கே பஜ்ஜிக்கு இருபது நிமிஷம். கிடைத்ததும் ஆறிப்போயிருந்தது.

இரண்டாம் பாதியில் ரோபோவும் ராட்சசப் பறவையும் மோதின. "சுசீந்திரத்து அனுமார் 18 அடி. இவன் கூடுதல்தான்," என்று மார்க் போட்டார். புறா முதுகில் குட்டி ரோபோக்கள் சவாரி வந்தபோது மட்டும் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தார். "இது சாத்தனாருக்குத் தோணல மக்கா."

திரும்பும்போது பஸ் சுசீந்திரம் குளத்தோரம் நின்றது. தண்ணீரில் நாரையும் கொக்கும் கூட்டமாக நின்றன. என் பையில் போன் அடித்தது. பாட்டா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"எடுக்காதல. அந்தக் கொக்கு இங்கதான் பாக்குது."