புதுச் சேவலின் பதவியேற்பு: கொல்லைப்புற அரசியல் குறித்து ஓர் ஆய்வு

இத்துறையில் போதிய ஆய்வுகள் இல்லை என்று தொடங்குவது ஆய்வுக் கட்டுரைகளின் மரபு. ஆகவே, இத்துறையில் போதிய ஆய்வுகள் இல்லை.

ஆய்வுக்களம்: சிவகங்கைப் பக்கத்து வீடு ஒன்றின் கொல்லை. மக்கள்தொகை எட்டுப் பெட்டைகள்; அவற்றில் அடையில் கிடக்கும் ஒன்று பொதுவாழ்விலிருந்து விலகியிருக்கிறது. முந்தைய சேவல் ஆடிப் படையலில் ஓய்வு பெற்றது. ஓய்வூதியம் கிடையாது, குழம்புதான். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்பதால் காலியிடமும் ஒன்றே.

சந்தையில் வாங்கிய சேவலை அன்றைக்கே அவிழ்த்துவிடலாகாது. இரண்டு வாரமாவது தள்ளி வைக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் ஒரு சேவலோடு வந்து கொல்லையையே காலி செய்துவிடும். (இவ்விடத்தில் ஆய்வாளர் சிரிக்கவில்லை.) பிறகு பஞ்சாரத்தில் கவிழ்த்துக் கொல்லை நடுவே சில நாள் வைத்தால், இரு தரப்பும் கொத்த முடியாமல் பார்த்துக்கொள்ளும். கடைசியாக, கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்பதால், எல்லாம் அடைந்த பிறகு சத்தமில்லாமல் கூட்டுக்குள் விடுவது. ஆட்சி மாற்றங்களை நள்ளிரவில் நடத்தும் வழக்கம் இங்கிருந்தே பரவியது என்பது எம் துணிபு.

விடிந்ததும் சிக்கல் தொடங்கும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை உண்டென்று 1920களில் எழுதியவர் நார்வேயின் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே. அவரைப் படிக்காத எங்கள் அப்பத்தாவின் கோட்பாடு இன்னும் சுருக்கம்: "மூத்த பொட்ட கொத்துனா வாங்கிக்கிட்டு ஓடணும். வீரமெல்லாம் பொறவு." வயது முதிராத சேவலென்றால் இந்த ஓட்டம் பல வாரம் நீளும்.

புத்திசாலிச் சேவல் இதைக் கொடையால் வெல்கிறது. இரை கண்டால் தான் விழுங்காமல் கொத்திக் கொத்திக் கீழே போட்டு, குரல் கொடுத்துப் பெட்டைகளை அழைக்கும். இரையே இல்லாமல் அழைக்கும் சேவல்களும் உண்டு, விளக்கவுரை தேவையில்லை. பல சேவல்கள் இருக்குமிடத்தில் விடியலில் முதல் கூவல் தலைமைச் சேவலுக்கே உரியது என்று ஜப்பானிய ஆய்வொன்று 2015இல் காட்டியது. நம் கொல்லையில் போட்டிக்கு ஆளில்லை. வேலிக்கு அந்தப்புறச் சேவலோடுதான் கணக்கு.

முடிவு: புதுச் சேவல் போட்ட இரையை மூத்த பெட்டை வந்து தின்ற அன்று பதவியேற்பு நிறைவுற்றதாகக் கொள்க. அதுவரை சண்டையில் தலையிடாதீர்கள். ரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரித்துப் பஞ்சாரத்தில் போடுங்கள். காயம்பட்ட இடத்தையே மற்றவையும் தேடிக் கொத்தும்.